பனியுண்டோன்னு டாக்டர் கேட்டா குளிரலைங்கன்னு சொல்லிறாதீங்க

கேரளாவுல பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு மெடிக்கல்ஸ்ல கவுண்டர்ல நிக்கிறேனுங்க, பதினோரு வருசமாச்சு. கடைக்கு வர்றதுல பாதிக்கு மேல நம்ம தமிழ் ஆளுங்கதான், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு பார்டர ஒட்டி இருக்கற ஊர்க்காரங்க. டாக்டர் மலையாளத்துல கேப்பாரு, சீட்டுல இங்கிலீஷ்ல எழுதுவாரு, நம்ம ஆளுங்க தமிழ்ல பதில் சொல்லிட்டு சீட்ட கொண்டாந்து எங்கிட்ட நீட்டி "எனக்கு என்ன சீக்குனு எழுதிருக்குது கண்ணு?"ன்னு கேப்பாங்க. தினமும் வாயால சொல்றத ஒரே எடத்துல எழுதி வெச்சா வீட்டுல படிச்ச புள்ளைங்க பாத்து பெரியவங்களுக்கு சொல்லிக்குடுக்கலாமேன்னுதான் இத எழுதறேன்.

மொதல்ல எங்க அமுச்சி (அம்மாவப் பெத்த பாட்டி) கதைய சொல்லிடறேன், ஏன்னா அதுலதான் எல்லாமே இருக்குது. நாலு வருசத்துக்கு முன்னாடி அமுச்சிக்கு நடந்தா மூச்சு வாங்குச்சு, சாயங்காலமானா ரெண்டு காலும் பொதபொதன்னு வீங்கிக்கும், மெட்டி கழட்ட முடியாது. மாமா ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனாரு, நல்ல கூட்டம். டாக்டர் "காலில் நீருண்டோ அம்மே?"ன்னு கேட்டுருக்காரு. அமுச்சி "நீரெல்லாம் நல்லா போவுதுங்க சாமி, ராத்திரி நாலு தடவ எந்திரிக்கறேன்"னு சொல்லிருக்குது. மலையாளத்துல நீருன்னா வீக்கம், நமக்கு நீர்னா ஒண்ணுக்கு. அவரு வீக்கம் ஒண்ணும் பிரச்சன இல்லன்னு எடுத்துக்கிட்டாரு போல, சேலைய கொஞ்சம் தூக்கி பாத்துருந்தா தெரிஞ்சிருக்கும், பாக்கல. இருமல் மருந்தும் சத்து மாத்திரையும் குடுத்து அனுப்பிட்டாங்க. பத்து நாள் கழிச்சு ஒரு ராத்திரி அமுச்சியால படுக்கவே முடியல, படுத்தா மூச்சு முட்டுது, எந்திரிச்சு செவுத்துல சாஞ்சு உக்காந்தா கொஞ்சம் பரவால்ல, அப்படியே விடிய விடிய உக்காந்தே இருந்துச்சு. காலைல கோயமுத்தூர் கொண்டு போனோம், எக்கோ எடுத்து பாத்து இதயத்தோட பம்பிங் கம்மியா இருக்குது, நுரையீரல்ல நீர் கோத்துருக்குதுன்னு சொன்னாங்க. அந்த பத்து நாள நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல.

அதுனால நான் எல்லாருக்கும் மொதல்ல சொல்றது, டாக்டர்கிட்ட போயி சீக்கோட பேர சொல்லாதீங்க, ஒடம்புல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க. எந்த எடத்துல, எப்ப இருந்து, எப்ப ஜாஸ்தியாவுது, என்ன பண்ணா கொறையுது, இந்த நாலு போதும். "வீசிங்குங்க"ன்னு சொல்றத விட "படுத்தா முட்டுது, உக்காந்தா சரியாவுது"ன்னு சொல்றது ஆயிரம் மடங்கு மேலு, ஏன்னா அத கேட்டவுடனே எந்த டாக்டருக்கும் இதயம் ஞாபகம் வந்துரும். காலு வீக்கமா, வாயால சொல்லாதீங்க, பாதத்துக்கு மேல எலும்புப் பக்கமா கட்ட வெரல வெச்சு அஞ்சு எண்ணற வரைக்கும் அமுக்கி எடுங்க, குழி விழுந்து அப்படியே நின்னா அதுதான் நீர் கோத்த வீக்கம், அத டாக்டர் முன்னாடியே செஞ்சு காட்டுங்க. ரெண்டு காலும் வீங்குனா இதயம், கிட்னி, ஈரல் இதுல எதுவா வேணாலும் இருக்கலாம், சில பிரஷர் மாத்திரைக்கும் (அம்லோடிபின்) காலு வீங்கும். ஒரே காலு மட்டும் திடீர்னு வீங்கி கெண்டக்காலு வலிச்சா ரத்தம் கட்டி அடச்சிருக்கலாம், அது அன்னைக்கே பாக்க வேண்டிய சமாச்சாரம்.

இப்ப ரெண்டு பாஷையிலயும் ஒரே மாதிரி கேட்டு வேற அர்த்தம் வர்ற வார்த்தைங்க. பனின்னா அவங்களுக்கு காய்ச்சல். நம்ம பாட்டிங்க "பனியெல்லாம் மார்கழியிலதானுங்க"ன்னு சொன்னத நானே கேட்டுருக்கேன். சுமன்னா இருமல், தூக்கற சுமை இல்ல. வேதனன்னா வெறும் வலி, மனக்கஷ்டம் கிடையாது, அதுனால "வேதனயுண்டோ"ன்னு கேட்டா வீட்டு கஷ்டத்த சொல்ல வேண்டியதில்ல. வாதம்னா அங்க பெரும்பாலும் மூட்டுவலி சம்பந்தப்பட்டது, நாம வாதம்னு சொல்றது கை காலு விழுந்து போறத, அதுக்கு அவங்க பக்ஷாகாதம்னு சொல்வாங்க. விறயல்னா நடுக்கம், நாம வெறச்சுப் போச்சுன்னா மரத்துப் போனத சொல்றோம், அவங்களுக்கு மரத்துப் போறது தரிப்பு. விஶப்புன்னா பசி, விஷம் இல்ல. போதம்னா நெனவு, "போதம் போயோ?"ன்னு கேட்டா நெனவு தப்புச்சான்னு கேக்கறாங்க, ஒரு அக்கா அத போதைன்னு நெனச்சுட்டு எங்க ஊட்டுக்காரரு தொடவே மாட்டாருங்கன்னு அழுதுட்டாங்க. இதுல ரொம்ப சிக்கலானது பேதம். ரெண்டாவது தடவ போகறப்ப "பேதமுண்டோ?"ன்னு கேப்பாங்க, கொணமாயிருக்கான்னு அர்த்தம், நம்மாளு பேதின்னு காதுல வாங்கிட்டு "இல்லைங்க, பேதியெல்லாம் இல்ல"ன்னு சொன்னா, கொணமே ஆகலன்னு மருந்த கூட்டி எழுதிருவாங்க. கொறஞ்சிருந்தா "குறவுண்டு"ன்னு சொல்லுங்க, அது நம்ம வாய்க்கும் சுலபமா வரும்.

அவங்க கேக்கற கேள்விங்களும் திரும்பத் திரும்ப அதேதான். "எத்ர திவசமாயி"ன்னா எத்தன நாளாச்சு. "சர்த்தியுண்டோ"ன்னா வாந்தி இருக்கா, ஓக்கானம்னா கொமட்டல், "வயறிளக்கம்"னா வயித்தால போறது, "மூத்ரம் ஒழிக்கும்போ எரிச்சிலுண்டோ"ன்னா ஒண்ணுக்கு போறப்ப எரியுதா. வெக்கப்பட்டுட்டு இல்லன்னு சொல்லிறாதீங்க. ஒண்ணுக்கு போறப்ப எரிச்சல், அடிக்கடி வர்ற மாதிரி இருக்கும் ஆனா சொட்டு சொட்டா போகும், அடிவயித்துல கடுப்பு, இது சிறுநீர்ப் பாதையில கிருமி, பொம்பளைங்களுக்கு சாதாரணமா வர்றது, சூட்டுனால இல்ல, இளநி மட்டும் குடிச்சு சரி பண்ணலாம்னு இருக்க வேண்டாம். கூடவே குளிர் காய்ச்சலும் வெலாப்பக்கம் வலியும் வந்துட்டா கிருமி கிட்னி வரைக்கும் ஏறிருச்சுன்னு அர்த்தம்.

காய்ச்சல் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்லணும், மழ புடிச்சா எங்க கடையில பாதி சீட்டு அதுதான். காய்ச்சல்ங்கறது சீக்கு இல்ல, ஒடம்பு எதையோ எதுத்து சண்ட போடறதோட அடையாளம். தெர்மாமீட்டர்ல 100.4க்கு மேல போனா காய்ச்சல், கக்கத்துல வெச்சா கொஞ்சம் கம்மியா காட்டும். கையால தொட்டு பாத்து "அனலா அடிக்குது"ன்னு சொல்றத விட ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, நேரம் போட்டு ஒரு பேப்பர்ல எழுதி கொண்டு போங்க, டாக்டருக்கு அந்த பேப்பரு பெரிய ஒதவி. சீட்டுல வைரல் ஃபீவர்னு எழுதிருந்தா சாதாரணமா அஞ்சாறு நாள்ல தானா போற காய்ச்சல், அதுக்கு ஆன்டிபயாட்டிக் வேல செய்யாது, அத குடுங்கன்னு எங்ககிட்ட சண்ட போடாதீங்க.

டெங்கு பகல்ல கடிக்கற ஏடிஸ் கொசுவால வர்றது. கண்ணுக்குப் பின்னாடி வலி, ஒடம்பெல்லாம் எலும்ப முறிச்சு போட்ட மாதிரி வலி. மொத அஞ்சு நாளைக்குள்ள என்எஸ்1னு ஒரு ரத்த டெஸ்ட்ல தெரியும். எல்லாரும் தப்பு பண்றது எங்கன்னா காய்ச்சல் விட்டுருச்சுன்னு நாலாவது அஞ்சாவது நாள் வேலைக்கு கெளம்பிருவாங்க, ஆனா டெங்குல ஆபத்து ஆரம்பிக்கறதே காய்ச்சல் எறங்கறப்பதான். அந்த ரெண்டு நாள்ல வயித்து வலி நிக்காம இருந்தா, வாந்தி வந்துட்டே இருந்தா, ஈறுல மூக்குல ரத்தம் வந்தா, ஆளு சோந்து போயி இல்லைன்னா ஒரு மாதிரி பரபரன்னு இருந்தா, ஒண்ணுக்கு போறது கொறஞ்சா உடனே ஆஸ்பத்திரி. பிளேட்லெட் சாதாரணமா ஒன்றரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் வரைக்கும் இருக்கணும், ஆனா அந்த நம்பர மட்டும் பாத்து பயப்படவும் வேண்டாம், தைரியமா இருக்கவும் வேண்டாம், நான் மேல சொன்ன அடையாளத்த பாருங்க. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும்தான், டெங்கு இல்லன்னு தெரியற வரைக்கும் புரூஃபன், டைக்ளோ, ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், ரத்தம் கசியறத அது கூட்டிரும்.

எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல், நம்ம பக்கம் வயல்ல நிக்கறவங்களுக்கும் தொழிலுறப்பு (நூறு நாள் வேலைன்னு நாம சொல்றது) வேலைக்கு போறவங்களுக்கும் ரொம்ப முக்கியம். எலியோட மூத்திரம் கலந்த தண்ணியில, சேத்துல நிக்கறப்ப கால்ல இருக்கற வெடிப்பு, சின்ன புண்ணு வழியா உள்ள போற கிருமி. காய்ச்சலோட கெண்டக்கால் சதைய தொட்டாலே உயிர் போற மாதிரி வலிக்கும், கண்ணு ரெண்டும் செவந்துரும் ஆனா பீள வராது. விட்டுட்டா மஞ்சக்காமாலையும் வந்து கிட்னியும் கெட்டுரும். தண்ணியில எறங்கி வேல செய்யறவங்களுக்கு வாரம் ஒருக்கா போட்டுக்கச் சொல்லி ஹெல்த்ல இருந்து டாக்ஸிசைக்ளின் மாத்திரை குடுப்பாங்க, ஆஷா அக்கா (வீடு வீடா வர்ற சுகாதாரப் பணியாளர்) கொண்டாந்து குடுக்கறத அலமாரியில போட்டு வெக்காம சாப்பாட்டுக்கப்பறம் நெறய தண்ணியோட முழுங்குங்க, மாசமா இருக்கறவங்களும் சின்ன புள்ளைங்களும் மட்டும் கேட்டுட்டு போடணும். டாக்டர்கிட்ட போனா காய்ச்சல்னு மட்டும் சொல்லாம "பாடத்து பணிக்கு போயிருந்நு"ன்னு சொல்லுங்க, வயல் வேலைக்கு போனேன்னு அர்த்தம், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரு வேற மாதிரி யோசிப்பாரு.

மஞ்சக்காமால சீக்கோட பேரு இல்லைங்க, அதுவும் ஒரு அடையாளம்தான். ரத்தத்துல பிலிருபின்னு ஒரு மஞ்ச சாயம் இருக்குது, ஈரல் அத வெளிய தள்ளணும், தள்ள முடியலன்னா கண்ணு வெள்ளையில மொதல்ல தெரியும். கெட்ட தண்ணியால வர்ற ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் தானா சரியாவும், ஆனா பித்தப்பை கல்லு, குடி, எலிப்பனி, ஹெபடைட்டிஸ் பி எல்லாத்துக்கும் இதே மஞ்சதான் வரும், அதுனால எந்த மஞ்சன்னு டெஸ்ட் எடுக்காம கீழாநெல்லி குடுக்கறேன், கண்ணுல சாறு ஊத்தறேன்னு போகாதீங்க. கண்ணுல ஊத்துறத பாத்தா எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்.

மயக்கம்ங்கற நம்ம வார்த்தை ஒண்ணுல நாலு சமாச்சாரம் ஒளிஞ்சிருக்குது. படுக்கையில பொரண்டா, தலைய திருப்புனா வீடே சுத்துதுன்னா அது காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் கோளாறு, பயமா இருக்கும் ஆனா பெரும்பாலும் ஆபத்தில்ல. உக்காந்து எந்திரிச்சா கண்ண இருட்டிட்டு வந்தா எந்திரிக்கறப்ப பிரஷர் எறங்குது, தண்ணி கம்மியா இருக்கலாம், பிரஷர் மாத்திரை ஜாஸ்தியா இருக்கலாம், ரத்தம் கம்மியா இருக்கலாம். நெஜமாவே நெனவு தப்பி கீழ விழறது வேற, அது போதக்ஷயம். நடக்கறப்ப தள்ளாடறது இன்னொண்ணு. மயக்கமுண்டுன்னு மலையாளத்துல சொன்னா தூக்கக் கலக்கம்னு எடுத்துக்குவாங்க, அதுனால சுத்துதுன்னா "தலகறக்கம்"னு சொல்லுங்க.

ரத்தம் கம்மின்னா ரத்தமே கொறஞ்சிருச்சுன்னு இல்ல, ரத்தத்துல ஆக்ஸிஜன தூக்கிட்டு போற ஹீமோகுளோபின் கம்மி. பொம்பளைங்களுக்கு 12, ஆம்பளைங்களுக்கு 13, மாசமா இருந்தா 11, இதுக்கு கீழ போனா அனீமியா. ஒரு அம்மிணி தெனமும் ரேஷன் பச்சரிசிய அள்ளி அள்ளி திங்குதுன்னு அதோட மாமியா எங்கிட்ட கொற சொல்ல வந்தாங்க, நான் கண்ணு எமைய கீழ இழுத்து பாருங்கன்னு சொன்னேன், உள்ள வெளுத்து காகிதம் மாதிரி இருந்துச்சாம், டெஸ்ட் எடுத்தா 7. அரிசி, மண்ணு, சாக்பீஸ் திங்கணும்னு தோணறது இரும்புச்சத்து கொறஞ்சதோட அடையாளம், கெட்ட பழக்கம் கிடையாது, தயவு செஞ்சு அந்த புள்ளைங்கள திட்டாதீங்க.

சுகருக்கும் பிரஷருக்கும் நம்பர் மட்டும் சொல்றேன். வெறும் வயித்துல 126ம் அதுக்கு மேலயும், சாப்புட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 200ம் அதுக்கு மேலயும், மூணு மாச சராசரி ஹெச்பிஏ1சி 6.5ம் அதுக்கு மேலயும் வந்தா சுகர். 70க்கு கீழ எறங்கறது லோ சுகர், வேர்த்து ஊத்தி கை நடுங்கி ஆளு ஒளறும், நெனவு இருந்தா மூணு ஸ்பூன் சக்கரைய தண்ணியில கலந்து உடனே குடுங்க, சுகர்க்காரருக்கு சக்கரையான்னு யோசிச்சுட்டு நிக்காதீங்க. பிரஷர் திரும்பத் திரும்ப பாக்கறப்ப 140/90 இல்லைன்னா அதுக்கு மேல இருந்தா ஜாஸ்தி. ரத்தக்கொதிப்புன்னு பேர வெச்சதால கோவம் வந்தாத்தான் பிரஷர்னு நெனச்சுக்கறாங்க, தலவலி இல்ல, நான் நல்லாத்தான இருக்கேன்னு மாத்திரைய நிறுத்திடறாங்க. பிரஷருக்கு பெரும்பாலும் ஒரு அடையாளமும் இருக்காது, மாத்திரை போடறதுனாலதான் நல்லா இருக்கீங்க.

கேஸ் டிரபிள்னு சொல்லி சோடா வாங்கி குடிக்கறது பத்தியும் சொல்லணும். நெஞ்சு நடுவுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி அமுக்கம், எடது கையிக்கோ தாடைக்கோ வலி ஏறறது, சில்லுன்னு வேர்த்து ஊத்தறது, மாடி ஏறுனா ஜாஸ்தியாகி நின்னா கொறையறது, இது கேஸ் இல்ல. சுகர் இருக்கறவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் வலி தெரியாம வெறும் மூச்சு வாங்கல், கொமட்டல், சோர்வு மட்டும் வந்து ஹார்ட் அட்டாக் ஆகறது உண்டு. கடைக்கு வந்து கேஸ் மாத்திரை கேக்கறப்ப வேர்த்துருந்தா நான் மாத்திரை குடுக்க மாட்டேன், ஆட்டோ புடிச்சு இசிஜி எடுக்க அனுப்புவேன், கோவப்பட்டாலும் பரவால்ல. பக்கவாதமும் இதே மாதிரி நேரம் பாத்து ஓட வேண்டியது. சிரிக்கச் சொன்னா வாயி ஒரு பக்கம் கோணுதா, ரெண்டு கையும் தூக்கச் சொன்னா ஒண்ணு எறங்குதா, பேச்சு கொளறுதா, ஒண்ணு இருந்தாலும் போதும், கடைசியா எத்தன மணிக்கு நல்லா இருந்தாங்கன்னு மணிய குறிச்சுட்டு கெளம்புங்க, கட்டிய கரைக்கற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதுனால அதுக்கு நல்லா முன்னாடியே சிடி ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு போயாகணும். வாயில தண்ணி ஊத்தாதீங்க, பொரையேறிரும்.

சீட்டு படிக்கற வெவரம் கொஞ்சம். ஐட்டிஸ்னு எந்த வார்த்தை முடிஞ்சாலும் அந்த எடத்துல அழற்சி, அதாவது வீங்கி செவந்து புண்ணான மாதிரி: கேஸ்ட்ரைட்டிஸ்னா எரப்பையில, ஆர்த்ரைட்டிஸ்னா மூட்டுல, டான்சிலைட்டிஸ்னா தொண்டை டான்சில்ல. ஹைப்பர்னா ஜாஸ்தி, ஹைப்போன்னா கம்மி. அக்யூட்னு இருந்தா முத்திப் போச்சுன்னு அழாதீங்க, இப்ப புதுசா திடீர்னு வந்ததுன்னுதான் அர்த்தம், க்ரானிக்னா ரொம்ப நாளா இருக்கறது. டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தா தேடுன கிருமி அதுல கெடைக்கலன்னு அர்த்தம், நல்ல சேதிதான். மாத்திரைக்கு பக்கத்துல OD (ஓடி)ன்னா ஒரு நாளைக்கு ஒண்ணு, BD (பிடி)ன்னா ரெண்டு வேள, TDS (டிடிஎஸ்)னா மூணு வேள, HS (ஹெச்எஸ்)னா படுக்கறப்ப, SOS (எஸ்ஓஎஸ்)னா தேவப்பட்டா மட்டும். இதுல ஒண்ண கெஞ்சி கேட்டுக்கறேன், மூட்டுவாதத்துக்கு குடுக்கற மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துல ஒரே ஒரு நாள்தான், அத தெனமும் போட்டுட்டா ரத்தத்த உண்டாக்கற மஜ்ஜையே அடி வாங்கி உயிருக்கு ஆபத்தாயிரும், நான் அந்த அட்டை மேல எந்தக் கெழமைன்னு தமிழ்ல பெருசா எழுதி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் குடுப்பேன், உங்க கடையிலயும் கேட்டு எழுதி வாங்குங்க.

புரியலன்னா "மனசிலாயில்ல, தமிழில் பறயாமோ?"ன்னு தைரியமா கேளுங்க, பாலக்காட்டுப் பக்கம் தமிழ் தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தராவது இருப்பாங்க. ஆம்புலன்ஸுக்கு ரெண்டு ஸ்டேட்டுலயும் 108தான், ஆனா பார்டர்ல போன் எந்த டவர புடிக்குதோ அந்தப் பக்கம் போயிரும், அதுனால எந்த ஸ்டேட்டு எந்த ஊருன்னு மொதல்ல சொல்லுங்க. கேரளாவுல சந்தேகம் கேக்க திஷா நம்பர் 1056, எந்நேரமும் எடுப்பாங்க. கோயமுத்தூர்லயும் பொள்ளாச்சியிலயும் பாத்துட்டு இங்கயும் பாக்கறவங்க ரெண்டு பக்கத்து சீட்டையும் ஒரே பையில போட்டு வெச்சுக்கோங்க, ஒரே மாத்திரைய ரெண்டு கம்பெனி பேர்ல ரெண்டு டாக்டரும் எழுதி, தெரியாம ரெண்டையும் போட்டு பிரஷர் எறங்கி விழுந்தவங்கள பாத்துருக்கேன். கடைக்கு வர்றப்ப பழைய அட்டை காலியாயிருந்தாலும் கொண்டாங்க, ஆனா மருந்து பேரு இருக்கற ஓரத்த மட்டும் கத்திரிச்சு போட்றாதீங்க.